என் பெயரில் நீ சொன்ன பதில்

தம்பி,

நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்து சேர்ந்தது. பூதலூர் ஸ்டேஷன் ரோட்டுக் கடையில் உங்கப்பா அதைப் பிரிண்ட் எடுத்து, தூறலில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். திருச்சியில் ஏற வேண்டும், நடுவில் எங்கே மாற வேண்டும், ஜன்னலோர இருக்கை, சைவச் சாப்பாடு என்று எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாய். உன் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் அந்த விமானத்தில் ஏறப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அனுப்புகிற வாட்ஸ்அப்பையே நீ பாதிக்கு மேல் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது இந்த டிக்கெட் வருகிறது. வெளிநாட்டில் பேரப்பிள்ளை பிறந்தால் முதல் ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவள், அடுத்த ஆறு மாதம் பிள்ளையைப் பெற்றவள். மில்லில் ஷிப்ட் மாறுவது போலச் சம்பந்தியம்மாள்கள் ஏர்போர்ட்டில் மாறிக்கொள்கிறார்கள். ஒருத்தி பருப்புப் பொடியோடு போகிறாள், இன்னொருத்தி முழங்கால் வலியோடு திரும்பி வருகிறாள். போகிறீர்களா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. எப்போது போகிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது இதைப் படிக்கட்டும்.

நீ டிக்கெட் மட்டும் எடுத்திருந்தால் நான் போனிலேயே நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். நீ அதோடு நிற்கவில்லை. தஞ்சாவூரில் என்னை வேலைக்கு எடுத்த கம்பெனிக்காரர்கள் உன்னைப் போனில் கூப்பிட்டபோது, "அம்மா வேலைக்கு வரமாட்டாங்க, கனடாவுக்கு வர்றாங்க" என்று என் பெயரில் நீயே பதில் சொல்லி வைத்துவிட்டாய். ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு வருடம் மாடிப்படி ஏறி இறங்கிக் கற்று, எனக்கு முதல்முதலாகக் கிடைத்த வேலை அது. நான் கோபமாக இருக்கிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நான் என்ன கற்றேன் என்று நீ ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை. "டைம் பாஸுக்கு நல்லதும்மா" என்றாய், அவ்வளவுதான். ஆகவே சொல்கிறேன். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒரே அறை. அதுதான் நெட்வொர்க் சொல்லிக்கொடுக்கிற இடம். நடத்துகிறவள் ஷாஹினா, கூத்தாநல்லூர்ப் பெண், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். சென்னையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள். முதல் நாள் என்னைப் பார்த்து, "உக்காருங்கம்மா, பையனச் சேக்க வந்துருக்கீங்களா?" என்றாள். நான்தான் சேர வந்திருக்கிறேன் என்றேன். ஒரு கணம் விழித்தாள், பிறகு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். ஒரு வாரம் கழித்து நான் அவளிடம் சொன்னேன்: "என்னைய அம்மான்னு கூப்புடாதீங்க. அப்படிக் கூப்பிட்டா நான் தப்பு செஞ்சாலும் ஒங்களுக்குத் திட்ட வராது." "அப்ப எப்படிக் கூப்புடுறது?" "மத்தவங்கள எப்படிக் கூப்புடுறீங்களோ அப்படியே." அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அங்கேதான். உங்கப்பா கூட "இந்தா" என்றுதானே கூப்பிடுவார்.

முதல் மாதம் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. கேபிள்தான். உறையைச் சீவினால் உள்ளே எட்டுக் கம்பி, எட்டு நிறம், இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு இருக்கும். முறுக்கைப் பிரித்து, வரிசைப்படுத்தி, நுனியைச் சமமாக வெட்டி, அந்தக் கண்ணாடி மாதிரியான சின்னத் தலைக்குள் செருகி இடுக்கியால் அழுத்த வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பூதலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற வரை ரயிலில் இதையே முணுமுணுத்துக்கொண்டு போவேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நான் ஏதோ ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாற்றுப் பறித்துக் களை எடுத்துத் தேய்ந்த விரல்கள் இவை, அந்த நூல் போன்ற கம்பி பிடியில் நிற்கவே இல்லை. சோதிக்கிற கருவியில் எட்டு விளக்கும் ஒவ்வொன்றாக எரிய வேண்டும். எனக்கு மூன்றாவது எரியாது. வெட்டிப்போட்டுத் திரும்பச் செய்வேன், இப்போது ஆறாவது எரியாது. கூடப் படித்த பொறியியல் முடித்த பிள்ளைகள் இரண்டாம் நாளே முடித்துவிட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பதிமூன்றாம் நாள் எட்டும் எரிந்தபோது நான் யாரையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

வீட்டில் உங்கப்பா சும்மா இருப்பாரா? "என்ன, இன்னிக்கி நெட்டு போட்டியா, நாத்து போட்டியா?" என்று தினமும் கேட்பார். அவர் கேலிதான் செய்தார், தடுக்கவில்லை. நீதான் தடுத்தாய். கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கிற முகவரிகளைப் பிரிக்கிற கணக்கு ஆரம்பித்திருக்கிறது என்று நான் போனில் சந்தோஷமாகச் சொன்னபோது, "சப்நெட்டா? அதெல்லாம் ஒனக்கு வராதும்மா, எங்க டீம்லயே பாதிப் பேருக்கு வராது" என்று சிரித்தாய். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் அடுப்படியில் நின்றேன். எனக்கு எதிரே அலமாரியில் படியும் உரியும் உழக்கும் ஆழாக்கும் வரிசையாக இருந்தன. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. இந்த நாலு அளவையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் எடுக்காமல், ஆழாக்குக் கணக்கில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை எவ்வளவு அரிசி வேண்டுமானாலும் அளந்துவிடலாம். பதினொன்று வேண்டுமா? படி ஒன்று, உரி வேண்டாம், உழக்கு ஒன்று, ஆழாக்கு ஒன்று. எடுத்தால் ஒன்று, எடுக்காவிட்டால் பூஜ்யம். கம்ப்யூட்டரின் கணக்கு மொத்தமும் இவ்வளவுதான். முப்பது வருடமாக நான் அரிசி அளந்த கணக்கையே நீ எனக்கு வராது என்றாய். மறுநாள் இதை ஷாஹினாவிடம் சொன்னேன். அவள் கரும்பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, "நீங்களே எழுதிக் காட்டுங்க" என்றாள். அன்று அந்தப் பொறியியல் பிள்ளைகள் என்னிடம்தான் சந்தேகம் கேட்டார்கள்.

நான் ஜெயித்ததை மட்டும் சொன்னால் அது கடிதம் ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். பெரிய தப்பு ஒன்று செய்தேன். சம்பா அறுவடை சமயம், ஓர் அரிசி ஆலையில் நெட்வொர்க் போடுகிற வேலையை ஷாஹினா எடுத்திருந்தாள். கற்றுக்கொள்கிற ஐந்து பேரையும் அழைத்துப் போனாள். அலுவலகம், எடைமேடை, கிடங்கு, வாசல் கேமரா எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். கேபிள்கள் வந்து கூடுகிற பெட்டியை ஸ்விட்ச் என்கிறார்கள், அதை நீ அறிவாய், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அலுவலகத்தில் ஆரம்பித்து வரிசையாக நாலு ஸ்விட்ச். கடைசியில் இருந்த கிடங்கு ஸ்விட்ச் என் பொறுப்பு. வேலை முடிந்தது, கேபிள் மிச்சம் இருந்தது, பெட்டியில் காலித் துளையும் இருந்தது. நான் நம் ஊர்க்காரி. பாய்ச்சல் உள்ள வயலுக்கு வடிகால் இல்லாவிட்டால் பயிர் அழுகிவிடும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். இத்தனையும் வந்து சேர்கிற கடைசிப் பெட்டிக்கு ஒரு வடிகால் வேண்டாமா என்று தோன்றியது. யாரையும் கேட்காமல், சுவரோரமாகவே ஒரு கேபிளை அலுவலகம் வரை திருப்பி இழுத்துப் போய் முதல் ஸ்விட்ச்சில் மாட்டிவிட்டேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாலு பெட்டியிலும் எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. எடைமேடையில் சீட்டு வரவில்லை. கேமரா உறைந்துவிட்டது. நெல் ஏற்றிய லாரிகள் ரோடு வரை நின்றன, வானம் வேறு மூட்டமாக இருந்தது. ஆலை முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "யாருங்க இத மாட்டுனது? அடுப்படில இருக்க வேண்டியவங்களையெல்லாம் கூட்டியாந்து ஏங்க எங்க உசுர எடுக்குறீங்க?" ஷாஹினா விளக்குகளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள், அது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் கை நீட்டியிருந்தால் ஒரே நொடியில் தீர்ந்திருக்கும். ஆனால் என்னைப் பார்த்து, "நான் எடுத்து விடட்டுமா, நீங்களே கண்டுபுடிக்கிறீங்களா?" என்றாள். "எவ்வளவு நேரம்?" என்றேன். "அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல லாரிக்காரங்க என்னைய அடிப்பாங்க." ஒரு மணி நேரத்துக்கு முன் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு மாறியது எது என்று கேட்டுக்கொண்டேன். நான் செய்ததுதான். போய் என் வடிகாலைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. எடைச் சீட்டு வந்தது.

"அத எதுக்கு மாட்டுனீங்க?" என்று பிறகு கேட்டாள். "வடிகாலுக்கு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. "இங்க எதுவும் வடியாது. எல்லாருக்கும்னு அனுப்புற செய்திக்கு ஒரு வட்டம் கெடச்சா சுத்திக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு சுத்துலயும் பெருகும்" என்றாள். பெரிய இடங்களில் வேண்டுமென்றே இரண்டாவது பாதை வைப்பார்கள் என்றும், ஒன்று ஓடும்போது மற்றது தானாக மூடியிருக்க அங்கே விதி உண்டு என்றும், நாங்கள் மாட்டிய மலிவுப் பெட்டிகளுக்கு அந்த விதி தெரியாது என்றும் சொன்னாள். நெட்வொர்க் என்றால் நம் வாய்க்கால் மாதிரிதான் என்று யாராவது சொன்னால் நான் இப்போது சண்டைக்குப் போகிறேன். அப்படி நினைத்துத்தானே மாட்டிக்கொண்டேன். மறுநாள் அதே ஆலைக்கு என்னைத் தனியாக அனுப்பினாள். போக மாட்டேன் என்றேன். "அப்ப நாளையிலேந்து கிளாஸுக்கும் வராதீங்க" என்றாள். போனேன். அந்த முதலாளி இன்றும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும். அவர் ஆலையில் எடைச் சீட்டு ஒழுங்காக வருகிறது.

நீயும் இதை வைத்துக்கொள், வேலைக்கும் உதவும், வீட்டுக்கும் உதவும். ஏதாவது நின்றுபோனால் மற்றவர்களைச் சந்தேகப்படுவதற்கு முன், கடைசியாக நீ கை வைத்தது எது என்று பார். என் கதையில் இப்போது நின்றுபோயிருப்பது உன் கை பட்ட இடத்தில்தான்.

போன மாதம் அந்தக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு நடந்தது. பள்ளிகளுக்கும் ஆலைகளுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் நெட்வொர்க் போட்டுப் பராமரிக்கிற கம்பெனி. எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஸ்விட்ச்சுகளை அடுக்குகிற இரும்புச் சட்டத்தை ராக் என்பார்கள், அதைக் காட்டிக் கேபிள் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். தேர்வாகிவிட்டேன் என்றார்கள். படிவத்தில் அவசரத்துக்கு ஒரு நம்பர் கேட்டிருந்தது. பெருமையாக உன் நம்பரை எழுதினேன். அவர்கள் கூப்பிட்ட நேரம் நான் ரயிலில் இருந்திருக்கிறேன், பூதலூர் தாண்டினால் சிக்னல் போய்விடும். உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு, சான்றிதழ் நகல்களோடு அவர்கள் வாசலில் போய் நிற்கிற வரை எனக்கு ஒன்றும் தெரியாது.

"ஒங்க பையன்தான் வரமாட்டாங்கன்னு சொல்லிட்டாரேம்மா. நாங்க வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்றார் மேனேஜர், உன் வயதுதான் இருக்கும் அவருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "வேலைக்கு விண்ணப்பிச்சது யாருங்க?" என்று கேட்டேன். "நீங்கதான். ஆனா கார்டியன் சொல்றப்ப..." "எனக்கு எதுக்குங்க கார்டியன்? நான் என்ன மைனரா? நாளைக்கி ஒங்க அம்மா போன் பண்ணி எம்புள்ள வேலைய விட்டுட்டான்னு சொன்னா ஒங்க சீட்டுல வேற ஆள உக்கார வைப்பாங்களா?" அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். அவர் நல்ல மனிதர், தலையைச் சொறிந்துகொண்டார். புது ஆள் ஒன்றாம் தேதிதான் வருகிறார், இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றார். பிறகு, "பூதலூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல லேப் ஓட மாட்டேங்குது. ரெண்டு தடவ ஆள் போய் ஸ்விட்ச்சயே மாத்திட்டு வந்தாச்சு. திங்கக்கிழமை பசங்களுக்கு பிராக்டிகல். நாளைக்குள்ள சரி பண்ணிட்டீங்கன்னா பேசுவோம்" என்றார். வேலை என் கையை விட்டுப் போய்விட்டது, திரும்பப் பிடிக்க ஒரு நாள் இருக்கிறது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலை போனேன். முப்பது கம்ப்யூட்டர். பத்துப் பன்னிரண்டில் நெட் வரும், மற்றதில் வராது. இன்று வருவதில் நாளை வராது, நாளை வராததில் அதற்கு மறுநாள் வரும். பேய் பிடித்திருக்கிறது என்றார் லேப் டீச்சர், பாதி விளையாட்டாக. நான் அடியிலிருந்து ஆரம்பித்தேன். கேபிளைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. விளக்குகள் நிதானமாக எரிந்தன, வட்டம் எதுவும் இல்லை. பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அதற்கு என்ன முகவரி கிடைத்திருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். ஏழாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. வேலை செய்கிறவற்றின் முகவரி எல்லாம் ஒரு குடும்பம், செய்யாதவற்றின் முகவரி எல்லாம் வேறு குடும்பம். முகவரி கொடுக்கிற பெட்டி அந்தப் பள்ளியில் ஒன்றுதான் இருக்க வேண்டும். எங்கேயோ இன்னொன்று உட்கார்ந்துகொண்டு, முந்திக்கொண்டு, தப்பான முகவரியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்விட்ச்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, ஒரு கம்ப்யூட்டரில் முகவரியைப் புதிதாகக் கேட்டுப் பார்த்து, திரும்ப மாட்டினேன். பதினெட்டு தடவை தப்பான முகவரியே வந்தது. பத்தொன்பதாவது கேபிளைப் பிடுங்கியதும் சரியானது வந்தது. அந்தக் கேபிளைச் சுவரோடு தடவிக்கொண்டே போனால் விளையாட்டுச் சாமான் அறை. கால்பந்து மூட்டைக்குப் பின்னால் ஒரு பழைய வைஃபை பெட்டி கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. "செல்லுக்கு சிக்னலே கெடைக்கலங்க, அதான் வீட்ல சும்மா கெடந்தத எடுத்தாந்து மாட்டினேன். தப்பாங்க?" என்றார் பி.டி. மாஸ்டர். தப்பில்லை சார், என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள் என்று மனதில் நினைத்துக்கொண்டு அதைக் கழற்றினேன். பன்னிரண்டரை மணிக்கு முப்பதிலும் நெட் வந்தது. மேனேஜருக்குப் போட்டோ அனுப்பினேன். "திங்கள் காலை எட்டு மணி" என்று மட்டும் பதில் வந்தது.

இப்போது உனக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று. ஏன் இந்த வயதில் இதைக் கற்கப் போனாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் உண்மை இல்லை. நீ ஒருமுறை போனில் எதற்கோ சலித்துக்கொண்டு, "நான் என்ன வேலை பாக்குறேன்னாவது ஒனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாய். "கம்ப்யூட்டர்ல" என்றேன். "நெட்வொர்க்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அந்த வேலைக்கு உன்னைத் தள்ளிவிட்டவள் நான். பிடித்துத் தள்ளிய கிணறு எவ்வளவு ஆழம் என்றுகூடத் தெரியாமல் பதிமூன்று வருடம் மேலே நின்றுகொண்டிருந்தேன். ஆழம் பார்க்கத்தான் இறங்கினேன். இறங்கிய பிறகு எனக்குப் பிடித்துப்போனது வேறு விஷயம்.

நீ மாட்டு டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டாய். கன்று போட முடியாமல் நம் மாடு தவித்த அன்று, டாக்டருக்குப் பக்கத்தில் முழங்கை வரை ரத்தத்தோடு நின்றுகொண்டு, "நான் இதுக்குத்தாம்மா படிக்கப் போறேன்" என்றாய். கலந்தாய்வுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. நீ வீட்டில் இல்லை, நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சாணியும் சகதியும் என்னோடு முடியட்டும், என் பிள்ளை ஏசி ரூமில் உட்காரட்டும் என்று நினைத்தேன். கடிதத்தை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். நீ தினமும் தபால்காரரைக் கேட்டாய். "வரலியே தம்பி" என்று நானும் உன்னோடு வாசலுக்கு வந்து நின்றேன். தேதி தாண்டிப் போயிற்று. நீ பொறியியலில் சேர்ந்தாய். உங்கப்பாவுக்குக்கூட இது இன்று வரை தெரியாது, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

இரண்டாம் வருட விடுமுறையில் நீ சாதிச் சான்றிதழ் தேடி அந்த பீரோவைத் திறந்தாய். மறுநாள் நான் புடவை எடுக்கும்போது பார்த்தேன். நான் நாலாக மடித்து வைத்த கடிதம் மூன்றாக மடித்திருந்தது. நீ படித்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைத்திருந்தாய். அன்று சாயங்காலம் என் எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டாய். இன்னொன்று போடவா என்றேன், போதும் என்றாய். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த இத்தனை வருடமும் நாம் இருவரும் அந்தக் கடிதத்துக்கு இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருக்கிறோம். நீ இன்று கை நிறையச் சம்பாதிக்கிறாய் என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இல்லை, கேட்கிறேன். ஆனால் அதற்குப் பரிகாரமாக நான் என் வேலையை விட்டுத்தர மாட்டேன். நீ பதிலுக்குப் பதில் செய்தாய் என்றும் நினைக்கவில்லை. பாசத்தில்தான் செய்தாய். நானும் பாசத்தில்தான் செய்தேன். அதனால்தான் சொல்கிறேன், பாசத்தை நம்பி அடுத்தவர் வாழ்க்கைக்குப் பதில் சொல்லாதே. நாளைக்கு உன் பிள்ளைக்கும் சொல்லாதே.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. மருமகள் நித்யாவிடம் நானே பேசிவிட்டேன். "நீங்க வேலைக்குப் போங்கத்தை, இவர லீவு எடுக்கச் சொல்லுங்க" என்றாள், மகராசி. உன் ஆபீஸில் அப்பனுக்கும் விடுப்பு உண்டு என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ அதை என்னிடம் மறைத்துவிட்டாய். ராக்கில் நாற்பத்தெட்டு கேபிளைப் பிசகாமல் கட்டத் தெரிந்த கைக்கு ஒரு குழந்தைக்குத் துணி மாற்றத் தெரியாதா? தெரியவில்லை என்றால் பன்னிரண்டு நாள் பழகு, வந்துவிடும். பேரனைப் பார்க்க நான் வருவேன். என் விடுப்பில், என் சம்பளத்தில், நான் எடுத்த டிக்கெட்டில் வருவேன்.

நான் உனக்குப் பதிலாகப் பதில் சொன்னபோது உனக்குப் பதினேழு வயது. எதிர்த்துக் கேட்க உனக்கு வாய் வரவில்லை, வரவிடாமல் வளர்த்ததும் நான்தான். நீ எனக்குப் பதிலாகப் பதில் சொன்னபோது எனக்கு ஐம்பத்து மூன்று. எனக்கு வாய் வந்துவிட்டது, கேட்டுவிட்டேன். இவ்வளவு நேரம் நான் உன்னைத் திட்டி எழுதிய ஒவ்வொரு வரியும் அன்று அந்த பீரோ முன்னால் நின்று நீ என்னைத் திட்டியிருக்க வேண்டிய வரிதான். திட்டு தம்பி. போனில் கூப்பிட்டு, போதும் என்று சொல்லாமல், முழுவதையும் கேள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் கூப்பிடு. அதுவரை நான் வேலையில் இருப்பேன்.

அம்மா